கீசரை மாற்றும் முன் நீங்கள் கண்டுபிடித்த கோளாறு எது?

மாடிவீடு:
எங்கள் கீசரில் விளக்கு ஒழுங்காக எரியும், சூடேறியதும் அணையும். குழாயில் மட்டும் வெதுவெதுப்பாகத்தான் வரும். பார்க்க வந்தவர் தண்ணீரைச் சூடாக்கும் காயிலை மாற்றினார், சரியாகவில்லை. போதிய சூடு ஏறியதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார், அப்போதும் அதே கதை. கடைசியில் டேங்கே போய்விட்டது, புதுசு வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அதற்குள் மாமனார் வந்து சேர்ந்தார். சுவிட்சை அணைத்துவிட்டு, கீசருக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடச் சொன்னார். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறக்கச் சொன்னார். உள்ளே போகிற தண்ணீர்தான் வெந்நீரை வெளியே தள்ளுகிறது. அதை நிறுத்தினால் குழாயும் சீக்கிரம் நின்றுவிட வேண்டும். எங்களுக்கோ நிற்கவே இல்லை, ஜோராகக் கொட்டியது. கீசர் வழியாக வராத தண்ணீர் வேறெங்கிருந்து வரும்?

வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் அடுத்த குளியலறை மிக்சர் குழாயில் பிடிபட்டது. அங்கே கைஷவரின் பட்டனை மட்டும் அமுக்கி நிறுத்திவிட்டு, மிக்சரின் இரண்டு திருகுகளையும் திறந்தே வைத்திருந்தார்கள். தண்ணீர் வெளியேற வழியில்லாமல், பச்சைத் தண்ணீர் மிக்சருக்குள்ளேயே வெந்நீர்ப் பக்கம் தாவி, அந்தக் குழாய் வழியாக இங்கே வந்து கலந்திருக்கிறது. திருகுகளை மூடினோம், வெந்நீர் பழையபடி வந்தது. கழற்றிப்போட்ட பழைய காயில் நல்ல காயில்தான். இதுபோல மற்றவர்கள் பார்த்ததையும் எழுதுங்களேன்.

ரிப்பேர்காரன்:
அண்ணே, உங்கள் மாமனாருக்கு ஒரு சலாம். பொருளைக் கழற்றும் முன் இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் எங்கள் தொழிலிலேயே குறைவு.

இன்னொரு சுலபமான சோதனை கடிகாரம். 2000 வாட் காயில் 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை மணி நேரம் ஆகும். 15 லிட்டர் என்றால் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ரொம்ப இழுத்தால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட்டுக்கான காயிலுக்கு 190 வோல்ட்தான் வருகிறது என்றால் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். கீசரைத் திட்டிப் பயனில்லை.

வோல்டேஜ் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் உப்பு. சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் சூடாகச் சூடாக, அந்தச் சத்து கரைந்து நிற்காமல் காயில்மேல் படியும். வெளியே கேட்கும் அடையாளம் சத்தம்தான்: சூடேறும்போது உள்ளே சடசடவென்று பொரிவது போல வரும். காயில் பொருத்தியிருக்கும் பிளேட்டைத் திறந்தால் காயில் வளைவுகளுக்கு இடையே இடமே தெரியாது. சுரண்டினால் முட்டை ஓடு மாதிரி வெள்ளைத் துண்டுகளாக உதிரும். டேங்க் அடியில் சேறாகவும் கிடக்கும்.

உப்பு படிந்த காயில் சூட்டைக் குறைத்துத் தருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். காயில் அதே சூட்டைத்தான் தருகிறது. ஆனால் அது தண்ணீருக்குச் சட்டென்று போகாததால் காயில் தன்னைத்தானே வறுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் கட்-அவுட் என்ற பாதுகாப்பு சுவிட்ச் அந்தச் சூட்டைப் பார்த்துத் துண்டித்துவிடும். அதன் பொத்தானை ஒரு முறை அமுக்கிப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். உப்போ, ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டோ, காரணம் உள்ளே இருக்கிறது. கட்-அவுட்டை விட்டுவிட்டு ஒயரை நேராகச் சேர்த்துவிடச் சொல்லும் ஆட்களும் உண்டு. நான் செய்வதில்லை.

திறந்ததோடு திறந்ததாக மெக்னீசியம் ராடையும் பாருங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் அதுதான் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. உள்கம்பி தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். மூடியபின் வெந்நீர்க் குழாயில் காற்றுச் சத்தம் இல்லாமல் தண்ணீர் சீராக வரும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். காலி டேங்கில் போட்டால் புதுக் காயிலும் கருகிவிடும்.

குழாயடி:
எங்கள் வீட்டில் சூடேறும்போதெல்லாம் கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டும். எரிச்சல்பட்ட தம்பி பசை வாங்கி அடைக்கப் போனான். நல்லவேளை, பிளம்பர் தடுத்தார். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடானால் சுமார் கால் லிட்டருக்கு மேல் பெருகும். திரும்பிப் போகும் வழியைத் தடுப்பு வால்வு மூடியிருப்பதால் அது அங்கேதான் சொட்டி வெளியேற வேண்டும். அதை அடைத்து, தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் டேங்க் வெடித்துவிடும். சூடேறாத நேரத்திலும் விடாமல் சொட்டினால் மட்டுமே கோளாறு: வால்வில் தூசி உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் குழாய் அழுத்தம் அதிகம்.

ஈரத்துண்டு:
எங்களுக்கு நாற்றம். அழுகிய முட்டை வாடை, வெந்நீரில் மட்டும். பச்சைத் தண்ணீரிலும் வாடை இருந்தால் தண்ணீர் வரும் இடத்தில் கோளாறு. இதில் மட்டும் என்றால் டேங்குக்குள் ஒரு வகைக் கிருமி. மேலே அண்ணன் சொன்ன மெக்னீசியம் ராடும் அதற்குத் துணை போகுமாம். நீண்ட நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் இது வரும். டேங்கைக் காலிசெய்து கழுவி, 60 டிகிரிக்கு மேல் நன்றாகச் சூடாக்கி, எல்லாக் குழாயிலும் ஓடவிட்டோம், போய்விட்டது. அந்தச் சூட்டில் தோல் சில விநாடிகளில் வெந்துவிடும், குழந்தைகளைத் தள்ளியே வையுங்கள்.

ஒரு சந்தேகம். கீசர் போட்டால் இப்போது, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுகிறது. ஆர்சிசிபி பழசு, மாற்றிவிடலாமா?

ரிப்பேர்காரன்:
வேண்டாம் அக்கா, அது தன் வேலையைச் செய்கிறது. காயில் உறையில் விரிசல் விழுந்து மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது என்றே முதலில் சந்தேகப்படுங்கள். கீசரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட்டு, காயிலோடு எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். குழாயைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்றாலும் இதே கதைதான். அந்தச் சுருக்கைச் சகித்துக்கொண்டு குளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு கலங்கும்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பற்றவில்லை என்றால் முதலில் பேட்டரி, அப்புறம் தண்ணீர் நுழையும் இடத்து வலை. நீரோட்டம் குறைந்தால் அது பற்றாது. சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் உடனே நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. சுவாலை நீலமாகவே இருந்தாலும் மூடிய குளியலறைக்குள் அதை மாட்டவே கூடாது.

மாடிவீடு:
தம்பி, இன்னொன்று. எங்கள் பிளக்கில் ஒரு பின் மட்டும் கறுத்திருக்கிறது. இதுவும் காயில் கோளாறுதானா?

ரிப்பேர்காரன்:
இல்லை அண்ணே. சாக்கெட்டில் பிடிப்பு தளர்ந்திருக்கிறது, அந்த இடம் சுடுகிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் மறுபடி கறுக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், 16 ஆம்பியர் ஆகவே பார்த்து வாங்குங்கள். பின்னால் ஒயர் கருகியிருந்தால் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு இறுக்கச் சொல்லுங்கள்.