சந்தேகம்: பகடையை உருட்டினால் சண்டைதான் வருகிறது, நெடுந்தீவு வரவில்லை

கல்வேலி:
வணக்கம். ஞாயிறு பின்னேரங்களில் நால்வருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன்: ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, நான் சொல்லும் கதைக்குள் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. கதை நானே கட்டியது. ஆண்டு 1658. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த கையோடு, நால்வர் ஒரு செப்பேட்டை மடியில் கட்டிக்கொண்டு நெடுந்தீவுக்குத் தப்புகிறார்கள். வழியில் யார் எதிர்ப்படுவது என்பதைப் பகடைக்கே விட்டிருக்கிறேன். கதையில் ஒவ்வொரு மணி நேரம் கழியும்போதும் அறுமுகப் பகடையை உருட்டுவேன். 1 விழுந்தால் யாரோ எதிர்ப்படுவார்; யார் என்பதை இருபது முகப் பகடையை உருட்டி, இருபது வரிப் பட்டியலில் பார்ப்பேன்.

மூன்று ஞாயிறு போய்விட்டது, வழியிலுள்ள வேலணைத் தீவையே இன்னும் தாண்டவில்லை. ஓநாய், கொள்ளையர், மறுபடி ஓநாய், முனி. போன வாரம் வைத்தியர் பாத்திரம் முதலை வாயில் போனது. அதை ஆடிய என் ஒன்றுவிட்ட தம்பி தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். பட்டியலைத் தூக்கி எறிந்துவிடவா?

தோணிக்காரன்:
இலங்கையில் ஓநாயே கிடையாது, தம்பி. நரிதான். வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே இறக்கியிருக்கிறீர்கள்.

பின்வளவு:
எறிய வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் பன்னிரண்டு தடவை உருட்டினால், ஒரு சந்திப்பாவது வர நூற்றுக்கு 89 வாய்ப்பு. சராசரியாக இரண்டு வரும். ஒரு சண்டைக்கே உங்கள் ஞாயிறு முடிந்துவிடும். காலை, மதியம், இரவு என்று மூன்று தடவை மட்டும் உருட்டுங்கள், 42 ஆகக் குறையும்.

ஆனால் உண்மையான கோளாறு அதுவல்ல. யார் வருகிறார் என்று பகடை சொன்னவுடன் நீங்கள் வாளை எடுத்துவிடுகிறீர்கள். 1981இல் வந்த இந்த விளையாட்டின் அடிப்படை விதிநூலில் இதற்கென்றே ஓர் உருட்டல் இருந்தது: இரண்டு அறுமுகப் பகடை, கூட்டுத்தொகை 2 என்றால்தான் உடனே பாய்வார்கள். 36இல் ஒன்று! 3 முதல் 5 வரை முறைப்பு, 6 முதல் 8 வரை தயக்கம், அதற்கு மேலே போகப் போக இணக்கம், 12 என்றால் உறவு கொண்டாடுவார்கள். அதை உருட்டாமல் விட்டால் எல்லாச் சந்திப்பும் சண்டைதான்.

இன்னொன்று. வருகிறவருக்கு ஒரு வேலை கொடுங்கள். "கொள்ளையர் ஐவர்" என்று எழுதினால் அடிக்கத்தான் தோன்றும். "கொள்ளையர் ஐவர், ஒருவனுக்குக் காய்ச்சல், தண்ணீர் தேடுகிறார்கள்" என்று எழுதிப் பாருங்கள். உங்கள் வைத்தியர் செத்திருக்கவே மாட்டார்.

கல்வேலி:
அக்கா, அந்த உருட்டலை நான் படித்ததே இல்லை. முனி மட்டும் ஏன் அடிக்கடி வருகிறது?

சோகிப்பெட்டி:
இருபது முகப் பகடையில் எல்லா எண்ணுக்கும் நூற்றுக்கு 5. மீன்காரருக்கும் 5, முனிக்கும் 5. வீட்டில் தாயம் விளையாடும் சோகி ஆறு இருந்தால் அதை உருட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக விழுகிறது என்று வைத்துக்கொண்டால் 64 வகை விழும்: மூன்று மல்லாந்து விழுவது 20, ஆறும் மல்லாந்து விழுவது ஒன்றே ஒன்று. மூன்றில் மீன்காரரை வையுங்கள், ஆறில் முனியை. வரி ஏழாகக் குறையும், அதுவும் நல்லதுதான். நிசச் சோகி சரிசமமாக விழாது, அம்மம்மாவிடம் கேட்டால் எந்தச் சோகி எப்படிச் சாயும் என்றே சொல்வார்.

தோணிக்காரன்:
1658இல் பண்ணைப் பாலமும் இல்லை. வேலணைக்கு எப்படிப் போனார்கள்?

கல்வேலி:
வள்ளத்தில்தான் அண்ணை, அவ்வளவு மோசமில்லை நான்.

நேற்று ஆடினோம். சோகி மூன்று: புங்குடுதீவுக் கரையில் ஒரு கிழவர், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார். பகடையில் 5, முறைத்தார். அவருடைய கருவாட்டை நரி இழுத்துப்போனது, இவர்கள்தான் திருடினார்கள் என்று நினைக்கிறார். ஒன்றுவிட்ட தம்பி (புதுப் பாத்திரம், கணக்கப்பிள்ளை) அரைமணி நேரம் அவருடன் வாதாடி, கடைசியில் வலை பொத்த உட்கார்ந்துவிட்டான். கூலியாகக் கிழவர் வள்ளம் தருகிறார். ஒருவர்கூட வாளை உருவவில்லை, நெடுந்தீவை இன்னும் காணவில்லை, ஆனால் அடுத்த ஞாயிறு நேரத்துக்கே வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சோகிப்பெட்டி:
முனி?

கல்வேலி:
ஐந்து மல்லாந்தன, ஆறாவது மேசை விளிம்பில் சுழன்றது. ஒருவரும் மூச்சு விடவில்லை. கவிழ்ந்துவிட்டது.