புதுப்பிப்பு: காதொலிக் கருவி போட்ட மாணவி, எது பலித்தது

என் ஐந்தாம் வகுப்பில் காதொலிக் கருவி போட்ட ஒரு மாணவி இடைவேளையில் தனியாகவே நிற்கிறாள், எதைக் கேட்டாலும் "எனக்கு வராது மிஸ்" என்கிறாள், என்ன செய்யலாம் என்று ஜூனில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதல் வரிசைக்கு மாற்றினேன். பாடம் கேட்க உதவியது, தோழி கிடைக்கவில்லை. 'துணைத் தோழி' நியமித்தது இன்னும் மோசம். அந்தப் பெண் இவள் நோட்டையும் எழுதிக் கொடுத்து குட்டி டீச்சராகிவிட்டாள்.

பலித்தது ஜிக்சா முறை. 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்து முட்டிக்கொண்டபோது உளவியலாளர் எலியட் ஆரன்சன் கொண்டுவந்தது. பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுப்பது. அடுத்தவர் துண்டைக் கேட்காமல் யாரும் முடிக்க முடியாது. நீர்ச் சுழற்சியில் 'ஆவியாதல்' இவள் பங்கு. வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கி, உள்பக்கம் கோத்திருந்த துளிகளைக் காட்டினாள். "சத்தமா சொல்லு" என்று முதல் நாள் அதட்டிய பையன், மூன்றாம் வாரம் தானே அவள் முகம் பார்த்து உட்கார்ந்து பேசினான்.

எதிர்பாராதது ஒன்று. எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் பேசினால் கருவி அத்தனை இரைச்சலையும் பெருக்கிவிடுகிறது. முதல் நாளே கழற்றிப் பையில் போட்டுவிட்டாள். வட்டார வள மையத்துச் சிறப்பு ஆசிரியர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்புறம் அவள் குழுவை வராந்தாவில் உட்கார வைத்தேன், சரியாயிற்று.

இடைவேளையில் இப்போது பாண்டி ஆடுகிறாள். கணக்கில் மட்டும் இன்னும் "வராது மிஸ்"தான்.