டாக்டரைத் தவிர வேற யார் கண்டுபிடிச்சாங்க? வட சென்னை சுகர் அனுபவங்கள்

கொருக்குப்பேட்டை பொண்ணு:

எங்கம்மாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். பாரிமுனையில ஒரு ஆபீஸ்ல பெருக்கித் துடைக்கிற வேலை. மாத்திரை எங்க ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல. மூணு மாச சராசரி பார்க்கிற ஹெச்பிஏ1சி டெஸ்ட் 10-க்குக் கீழ இறங்கவே இல்ல. டாக்டரும் திட்டிப் பார்த்தார். அம்மாவும் "ஒழுங்கா போட்டுக்கிறேன் சார்"னு தலையாட்டிட்டு வருவாங்க.

மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர்ற அக்கா ஒருநாள் "மாத்திரை டப்பாவை எடும்மா"ன்னாங்க. பிரிக்காத மெட்ஃபார்மின் அட்டையா வந்து விழுது. அந்த அக்கா பக்கத்துத் தெருதான். திட்டல. "வயித்தைக் கலக்குதா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அப்பதான் அம்மா வாயைத் திறந்தாங்க. மாத்திரை போட்டா கொஞ்ச நேரத்துல வயித்தால போகுதாம். வேலை செய்யற எடத்துல பொம்பளைங்க கக்கூஸ் மூணாவது மாடியில, அதுக்கும் வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கணும். இதைப் போய் ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு மாத்திரையையே விட்டுட்டாங்க.

அக்கா நர்ஸ்கிட்ட சொன்னாங்க, நர்ஸ் டாக்டர்கிட்ட சொன்னாங்க. மெதுவா கரையற எஸ்.ஆர். மாத்திரையா மாத்தி, ராத்திரி சாப்பாட்டோட போடச் சொன்னார். போன தடவை 7.9. அந்த மாத்திரை டாக்டருக்குத் தெரியாமலா இருந்துச்சு? சேதி அவர் காதுக்குப் போகல, அவ்வளவுதான்.

உங்க வீட்டுல இப்படி யாராவது கண்டுபிடிச்சது உண்டா? கோட்டை விட்டதும் இருந்தா சொல்லுங்க.

ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ், தண்டையார்பேட்டை:

நல்ல விஷயம் ஆரம்பிச்சே கண்ணு. நான் கால் பத்திப் பேசறேன், அதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க.

காசிமேட்டுல மீன் இறக்குற ஒருத்தர். விடியக்காலையில ஐஸ் தண்ணியில நிக்கிற தொழில், பாதி நேரம் செருப்பு கிடையாது. மாத்திரை வாங்க வந்தவரை உட்கார வெச்சு, கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் மோனோஃபிலமென்ட்டால பாதத்துல தொட்டேன். அது ஒரு நைலான் இழை, வளையற அளவுக்கு அழுத்தினா 10 கிராம் எடை. நான் தொடத் தொட அந்த மனுஷன் "இன்னும் ஆரம்பிக்கலியாம்மா?"ன்னு கேட்கறார். ரெண்டு பாதத்துலயும் உணர்ச்சி இல்ல. பெருவிரலுக்குக் கீழ கெளுத்தி முள் ஒடிஞ்சு உள்ளேயே இருந்துச்சு, சுத்தி சீழ். எப்ப குத்துச்சுன்னு அவருக்கே தெரியாது. வலிச்சாத்தானே தெரியும்.

அன்னைக்கே டாக்டர் பார்த்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். விரல் தப்பிச்சது. திரும்பி வந்தப்புறம் எங்க டிரெஸ்ஸிங் ரூம் தம்பி கட்டு மாத்தினான். உணர்ச்சி இல்லாத பாதத்துக்கான மெத்து ரப்பர் செருப்பு, எம்.சி.ஆர்.னு பேரு, எங்க வாங்கணும்னு எழுதிக் கொடுத்தோம். அவர் அதைப் போடவே மாட்டேன்னார், துறைமுகத்துல வழுக்குமாம். அவர் வீட்டம்மாவை வரச்சொல்லித்தான் ஒரு வழிக்குக் கொண்டுவந்தோம். வீட்டுல தினமும் பாதத்தைப் பார்க்கிற வேலை அந்தம்மாவுக்கு. எங்க ஆளுங்கள்ல அவங்களையும் சேர்த்துத்தான் நான் எண்ணுவேன்.

இன்னொண்ணு. ஓபி முடிஞ்ச மதியம் வாரத்துல ஒருநாள் டாக்டர், நான், ஃபார்மசிஸ்ட், லேப் பொண்ணு, வீட்டுக்குப் போற பொண்ணுங்க எல்லாம் டீயும் பன்னுமா உட்காருவோம். வந்தவங்களைப் பத்திப் பேச்சே இல்ல. மாத்திரை வாங்க வராதவங்க பேரு மட்டும் வாசிப்போம். "அவங்க மூலக்கொத்தளம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் பெரும்பாக்கம் போயிட்டாங்க மேடம்", "அவங்களுக்குக் கண்ணு சரியா தெரியல, தனியா வரப் பயப்படறாங்க". இதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டர்லயும் இருக்காது. கண்ணு தெரியலன்னு கேட்டதும் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு விழித்திரை பார்க்க அனுப்புவோம். சுகர்காரங்களுக்கு அது வருஷம் ஒரு தடவையாவது பார்த்தே ஆகணும்.

வியாசர்பாடி ஆட்டோ:

எல்லாம் கேக்க நல்லாதான் இருக்கு சிஸ்டர். நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோச்சிக்காதீங்க.

எங்கப்பா கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிலயும் காட்டுவார், தெருமுனை தனியார் கிளினிக்லயும் காட்டுவார். ரெண்டு பக்கமும் கவனிப்பு குறைச்சல் இல்ல, ஆனா ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் தெரியாது. ஒருநாள் விடியக்காலையில பாயில உட்கார்ந்துக்கினு ஒளறுறார், சட்டையெல்லாம் வேர்வை. குடிச்சிருக்காரோன்னு நெனச்சாங்க அம்மா. எதிர்வீட்டு நர்சிங் படிக்கிற பொண்ணு ஓடியாந்து குத்திப் பார்த்தா சுகர் 48-க்கு எறங்கிக் கெடக்கு. முழுங்கற நெலமையிலதான் இருந்தார். மூணு ஸ்பூன் சக்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்க வெச்சு, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பார்த்துச்சு. தேறிட்டார்.

அப்புறம் மெடிக்கல் ஷாப் அண்ணன் ரெண்டு சீட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தார். ஒண்ணுல சுகரை எறக்கற கிளிமிபிரைடுன்னே எழுதியிருக்கு, இன்னொண்ணுல அதே மாத்திரை கம்பெனி பேர்ல. ரெட்டை டோஸ். சீட்டு எழுதினவங்க யாரும் "வேற எங்கயாவது காட்டுறீங்களா"ன்னு கேக்கல. டீம்னு சொல்றோமே, அது அந்தக் காம்பவுண்டு சுவரோட நின்னுடுது. அப்புறம் நல்ல நர்ஸ் ஒருத்தர் டிரான்ஸ்ஃபர் ஆனா எல்லாம் மறுபடி முதல்லேர்ந்துதான்.

பழைய வண்ணாரப்பேட்டை ஃபார்மசிஸ்ட்:

ஆட்டோ அண்ணே சொல்றது நூத்துக்கு நூறு. நான் கடையில பார்க்கிற இன்னொண்ணு இன்சுலின் சிரிஞ்ச்.

ஒரு பாட்டி, "ஊசி டோஸ் ஏத்திக்கினே போறாங்க, சுகர் எறங்கல"ன்னு புலம்புச்சு. சிரிஞ்சைக் கொண்டாங்கன்னேன். ஆரஞ்சு மூடி, அதாவது ஒரு மில்லியில 100 யூனிட் இருக்கிற மருந்துக்கான சிரிஞ்ச். குப்பி 40. நம்ம ஊர்ல குப்பி பெரும்பாலும் 40 யூனிட்தான், அதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா பாட்டிக்குப் போறது வெறும் 8 யூனிட். ஊர்லேர்ந்து வந்த பேரன் வாங்கிக் கொடுத்ததாம். நானா டோஸ்ல கை வைக்கக் கூடாது, அதனால நிலையத்து நர்ஸுக்கு போன் போட்டேன். ஏத்தி வெச்ச டோஸை அப்படியே சரியான சிரிஞ்ச்ல போட்டிருந்தா பாட்டி கவுந்திருக்கும். டாக்டர் டோஸைக் குறைச்சு எழுதிக் கொடுத்தப்புறம்தான் சிவப்பு மூடியைக் கொடுத்தேன்.

ராயபுரம் டாக்டரம்மா:

ஸ்டான்லியில் 1948-லேயே சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கிய பகுதி நம்முடையது. அப்படியிருந்தும் எங்கள் சீட்டுகளில் அதிகம் காணப்படும் மூன்றெழுத்து சி.எஸ்.டி., முன்பு கொடுத்ததையே தொடரவும் என்று அர்த்தம். மூன்று மாத சராசரி 9-லேயே நின்றாலும் சி.எஸ்.டி. சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். வரிசையில் அடுத்த ஆள் வந்து நிற்கும்போது கை அதைத்தான் எழுதும்.

இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 10 சர்க்கரை நோய் கிளினிக்குகளில் 1,146 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, கார்ஸ் என்று பெயர், 2016-ல் வெளியானது. பாதிப் பேருக்கு, டாக்டர் அல்லாத ஓர் ஒருங்கிணைப்பாளரும், டாக்டருக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று நினைவூட்டும் கம்ப்யூட்டரும். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. சுகரோடு பிரஷர் அல்லது கொழுப்பும் சேர்ந்து கட்டுக்குள் வந்தவர்கள் ஒருங்கிணைப்பாளர் இருந்த பக்கம் 18.2 சதவீதம், இல்லாத பக்கம் 8.1. இரண்டு மடங்குக்கு மேல் என்று சந்தோஷப்படலாம். நூற்றுக்கு எண்பது பேர் அப்போதும் வெளியேதான் நின்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் நர்ஸ் இப்போது "மேடம், எதுக்கு மறுபடி சி.எஸ்.டி.?" என்று நேராகவே கேட்கிறார். முதலில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

மண்ணடி வாப்பா:

எங்க பக்கம் நோன்பு மாசம்தான் பெரிய சோதனை. நர்ஸம்மா முந்தின மாசமே கூப்பிட்டு, டாக்டர்கிட்ட கேட்டு, காலை கிளிமிபிரைடை இஃப்தாருக்கு மாத்திக் கொடுத்தாங்க. 70-க்குக் கீழயோ 300-க்கு மேலயோ போனா நோன்பை முறிச்சே ஆகணும்னு கண்டிப்பு. விரல்ல குத்திப் பார்த்தா நோன்பு முறிஞ்சிடுமோன்னு பாதிப் பேருக்குப் பயம். நர்ஸம்மா நேரா எங்க ஹஜ்ரத்தைப் போய்ப் பார்த்துக் கேட்டாங்க. முறியாதுன்னு அவர் ஜும்மாவுலயே சொல்லிட்டார். அதுக்கப்புறம் பள்ளிவாசல் வாசல்லயே உட்கார்ந்து குத்திக்கிறாங்க.

புளியந்தோப்பு தம்பி:

ஃபார்மசிஸ்ட் அண்ணா, அவசரமா ஒண்ணு. அப்பாவோட குப்பி இன்சுலின் தீர்ந்துபோச்சு. பெரியப்பா வீட்டுல பேனா கார்ட்ரிட்ஜ் இருக்கு, பேரு ஒண்ணுதான். நம்ம சிவப்பு மூடி சிரிஞ்சால அதுலேர்ந்து இழுத்துப் போடலாமா?

பழைய வண்ணாரப்பேட்டை ஃபார்மசிஸ்ட்:

வேணவே வேணாம் தம்பி. கார்ட்ரிட்ஜ் 100. சிவப்பு சிரிஞ்ச்ல 20 கோடு வரைக்கும் இழுத்தா 50 யூனிட் உள்ள போயிடும். கடை பத்தரை வரைக்கும் திறந்திருக்கு, சீட்டோட வாங்க. வர முடியலன்னா இன்னைக்கு டோஸுக்கு என்ன பண்றதுன்னு ஸ்டான்லி டூட்டி டாக்டர்கிட்ட கேளுங்க. நீங்களா எதுவும் போடாதீங்க.