குற்றவியல் நீதி எம்.ஏ.: இரண்டு வருடத்தை எப்படித் திட்டமிடுவது?

வாலிநோக்கம்_மகள்:
ராமநாதபுரத்தில் பி.ஏ. வரலாறு கடைசி வருடம் படிக்கிறேன். அடுத்து குற்றவியல், குற்றவியல் நீதியில் எம்.ஏ. சேர ஆசை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிளஸ் ஒன் படித்தபோது, கரையில் ஏற்றி வைத்திருந்த எங்கள் வல்லத்தின் (நாட்டுப்படகு) எஞ்சினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவும் நானும் ஒரு ஸ்டேஷனுக்குப் போனோம். "எங்க லிமிட் இல்லை" என்றார்கள். இன்னொன்றில், முதலில் போன இடத்திலேயே கொடுக்கச் சொன்னார்கள். மூன்று நாள் அலைந்தும் ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கவில்லை. எஞ்சின் கடன் போன மாதம்தான் அடைந்தது. அப்பா இப்போது ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்குக் கூலியாகப் போகிறார்.

அன்று என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் பி.எட். போகச் சொல்கிறார்கள். எஸ்.ஐ. ஆக இந்தப் படிப்பு தேவையா? இன்னொரு கவலை, சேர்க்கை நேரத்தில் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வீட்டில் காசு இருக்காது.

தொண்டி_காவலர்:
தங்கச்சி, எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். பி.சி., எம்.பி.சி. பெண்களுக்கு உயரம் 159 செ.மீ. வேண்டும். காக்கிதான் குறி என்றால் பி.ஏ. முடித்த கையோடு தேர்வுக்கு உட்காருங்கள், காலையில் ஓடிப் பழகுங்கள். எம்.ஏ. முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தேவிபட்டினம்_அக்கா:
அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் உன் கேள்வியைப் படித்தால், உனக்கு வேண்டியது காக்கி இல்லையோ என்று தோன்றுகிறது.

நான் இந்தப் படிப்பை திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் படித்தேன். இப்போது வேறு மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்த வேலை. சம்பளம் பெரிதில்லை. ஆனால் ஸ்டேஷன் வாசலில் திகைத்து நிற்கிற அம்மாவிடம் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லத் தெரிகிறது. நன்னடத்தை அலுவலர், குழந்தைகள் பாதுகாப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் பணி என்று போகிறவர்களுக்கு இந்த இரண்டு வருடம் வீண் இல்லை. கல்லூரி ஆசிரியர் ஆக விரும்பினால், அதற்கான தகுதித் தேர்வான நெட்டிலும் குற்றவியல் ஒரு பாடம்.

முதல் வருடம் சட்டம், குற்றவியல் கோட்பாடு, ஆய்வு முறை. எனக்குப் புள்ளியியல்தான் கண்ணீர் வரவைத்தது. கலைப் பிரிவிலிருந்து வருகிறாய், இந்தக் கோடையிலேயே சராசரி, சதவீதம் எல்லாம் கையால் போட்டுப் பழகு. 2024 ஜூலை 1 முதல், ஐ.பி.சி. என்ற இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய சட்டங்கள்தான் நடைமுறை. பழைய ஐ.பி.சி. கைடை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் அதை மட்டும் நம்பாதே.

இரண்டாம் வருட ஆய்வுக்கு நம் கரையையே எடு. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். எங்கள் ஊரில் நான் பார்த்தவரை மாட்டுவது கூலிக்குச் சுமப்பவன்தான், வாங்கி விற்கிறவன் இல்லை. அதை ஊர்க்காரிதான் விசாரிக்க முடியும், உன்னிடம்தான் பேசுவார்கள்.

பணத்துக்கு, சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் பிப்ரவரியிலேயே இ-சேவை மையத்தில் எடுத்துவிடு. உதவித்தொகைக்கு அதுதான் ஆதாரம். விண்ணப்பக் கட்டணத்தையும் ஏப்ரல் 14க்குள் தனியாக எடுத்து வை. தடைக்கால நிவாரணத்தை நம்பாதே, அது அரிசிக்கும் வட்டிக்கும் போய்விடும்.

அப்புறம், அன்று அப்பா கேட்டிருக்க வேண்டியது சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வாங்கியதற்கு அத்தாட்சி அது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ம் பிரிவின்படி, பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம்.

வாலிநோக்கம்_மகள்:
அக்கா, கடைசிப் பத்தியை அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "இதை எழுதி வையி, மாமாவுக்கும் குடுக்கலாம்" என்றார். பி.எட். பேச்சை அவராக எடுக்கவில்லை.

திருநெல்வேலிக்கு சாயல்குடி, தூத்துக்குடி வழியாகத்தானே வர வேண்டும்? வாரம் ஒருமுறை வந்து போக முடியுமா, இல்லை விடுதிதானா?

தேவிபட்டினம்_அக்கா:
அதே வழிதான். பல்கலைக்கழகம் அபிஷேகப்பட்டியில் இருக்கிறது, ஊருக்கு வெளியே. முதல் வருடமாவது விடுதியில் இரு. ஊருக்கு மாதம் ஒருமுறை போனால் போதும், வரும்போது கருவாடு கொண்டு வா. விடுதியில் எல்லாரும் கேட்பார்கள்.