அப்பாவுக்கு நுரையீரல் ஆபரேஷன், டி-டைமர் 1240 இருந்தது 610 ஆயிடுச்சு, பூண்டு கஷாயத்தாலயா?

பாலக்கோடு_பையன்:
வணக்கங்க. அப்பாவுக்கு 62 வயசு, முப்பது வருஷ பீடி, இடது நுரையீரல்ல மேல் பகுதில கேன்சர்னு பயாப்ஸில வந்துடுச்சு, வர்ற புதன்கிழமை பெங்களூர்ல அந்த பகுதிய மட்டும் எடுக்கறாங்க. தர்மபுரில டி-டைமர்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தப்ப 1240, ரத்தக்கட்டி வராம பாத்துக்கணும்னு டாக்டர் சொன்னதும் அம்மா "இன்னொரு கட்டியா சாமி"ன்னு அங்கயே உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டாங்க, அது வேற கட்டி இது வேற கட்டின்னு புரிய வைக்கறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடுச்சு. பத்து நாள் கழிச்சு பெங்களூர்ல எடுத்தா 610. நடுவுல பெரியப்பா தினமும் வெறும் வயித்துல பூண்டு கஷாயம் குடுத்தாரு, அதான் பாதியா குறைஞ்சுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு திரியறாரு. நெஜமாவா? ரத்தம் உறையற வேகத்த பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட் 1.0 தான், அப்ப பயமில்லதானே?

காவேரிப்பட்டணம்_லேப்:
தம்பி, ரெண்டு ரிப்போர்ட்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சு நம்பருக்கு அடுத்தால என்ன போட்டிருக்குன்னு பாருங்க. ஒண்ணுல எஃப்இயூ, இன்னொண்ணுல டிடியூன்னு இருக்கும்னு நெனைக்கறேன். ஒரே சரக்குதான், அளவுகோல் வேற, எஃப்இயூ கணக்கு டிடியூ மாதிரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரும். முதல்ல நார்மல் 500க்குள்ளன்னும் அடுத்ததுல 250க்குள்ளன்னும் இருந்தா அப்பாவுக்கு ஒண்ணும் குறையல, லேப்தான் மாறியிருக்கு. இங்க வாரத்துக்கு ஒருத்தராவது இத தூக்கிட்டு வந்து சண்டை போடறாங்க.

டி-டைமர்ங்கறது உறைஞ்ச ரத்தத்த உடம்பே கரைக்கறப்ப விழற துண்டு. கேன்சர் இருந்தாலே கூடும், சளிக்காய்ச்சல்ல கூடும், வயசானா கூடும். ஆபரேஷன் பண்ணா இன்னும் ஏறும், வெட்டின இடம் ஆறணும்ல, அதனால அப்புறமா 3000ன்னு வந்தாலும் நம்பர மட்டும் பாத்து அலறாதீங்க. ஐஎன்ஆர் நார்மல்ங்கறது உறையற வேகத்துல ஒரு பக்கத்த மட்டும் காட்டுது, கட்டி வராதுன்னு அர்த்தம் இல்ல. கேன்சருக்கும் ரத்தக்கட்டிக்கும் உள்ள உறவ 1865லயே ட்ரூசோன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் சொன்னாரு, ரெண்டு வருஷத்துல அவருக்கே ரத்தம் கட்டி, தனக்கும் கேன்சர்னு அதவச்சே தெரிஞ்சுகிட்டாராம், பாவம்.

பூண்டு கஷாயத்த மட்டும் மயக்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. நெறைய பூண்டு, ரத்தத்த உறைய வைக்கற பிளேட்லெட் அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டறத குறைக்கும், அறுக்கறப்ப ரத்தம் சீக்கிரம் நிக்காம போகலாம். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல்னு ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரான்னும் சொல்லணும்.

அரூர்_மலர்:
எங்கம்மாவுக்கும் இதே ஆபரேஷன்தான். டி-டைமர் எல்லாம் நாங்க பெருசா பாக்கல, பாக்கவேண்டியது காலதான்னு பட்டு தெரிஞ்சுது. அங்க இருந்தவரைக்கும் தினமும் தொப்புளுக்கு பக்கத்துல ரத்தம் கட்டாம இருக்க எனாக்ஸாபரின் ஊசி போட்டாங்க, வீட்டுக்கு வர்றப்ப இன்னும் எத்தன நாள் போடணும்னு நாங்களும் கேக்கல அவங்களும் சொல்லல, கார்ல மூணரை மணி நேரம் எங்கயும் எறங்காம வந்துட்டோம். ஒன்பதாம் நாள் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி சூடா இருந்துது, வலதுக்கும் இதுக்கும் நூல் புடிச்சு அளந்தா நல்லாவே வித்தியாசம். ரத்த ஓட்டத்த பாக்கற டாப்ளர் ஸ்கேன்ல ரத்தக்கட்டி இருந்துது. அதுக்கப்புறம் மாசக்கணக்குல மாத்திரை. நல்லவேள நுரையீரலுக்கு ஏறல. அதனால தம்பி, டிஸ்சார்ஜ் சீட்டுல ஊசி எந்த தேதி வரைக்கும்னு எழுதி வாங்காம கெளம்பாதீங்க. ஊசி வீட்ல போட்டா தோல கிள்ளி புடிச்சு போடணும், போட்ட இடத்த தேய்க்கக்கூடாது, நான் தேய்ச்சு தேய்ச்சு அம்மா வயிறெல்லாம் ஊதா கலர்.

காவேரிப்பட்டணம்_லேப்:
மலர் அக்கா சொல்றது சரி. திடீர்னு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ, இருமுறப்ப ரத்தம் வந்தாலோ டி-டைமர் எடுக்க எங்க லேபுக்கு வந்து நிக்காதீங்க, நேரா எமர்ஜென்சி போங்க, சிடி எடுத்துதான் பாப்பாங்க. ஆபரேஷன் ஆனவங்களுக்கு இந்த டெஸ்ட் எப்படியும் அதிகமாத்தான் காட்டும், அத வச்சு ஒண்ணும் சொல்லமுடியாது.

பாலக்கோடு_பையன்:
பாத்துட்டேங்க அண்ணா. தர்மபுரில எஃப்இயூ 500, பெங்களூர்ல டிடியூ 250. ஒண்ணும் குறையவே இல்ல. மயக்க டாக்டருக்கு போன் போட்டேன், கஷாயத்த இன்னிக்கே நிறுத்த சொல்லிட்டாங்க. பெரியப்பாகிட்ட யாரு சொல்றதுன்னுதான் வீட்ல பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு.