கார்னிவல் கப்பலின் திமிங்கல வால் புகைபோக்கி: வேலைக்கா, அடையாளத்துக்கா?

நெய்தல்:
"அந்த வால் வெறும் விளம்பரம், புகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை" என்று செங்கலங்கரை எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கார்னிவல் உல்லாசக் கப்பல் நிறுவனத்துக்காக ஜோ ஃபார்கஸ் வடிவமைத்து, 1982-இல் டிராபிகேல் கப்பலில் முதலில் வந்த வடிவம் அது: திமிங்கல வால்போல் இரு பக்கமும் சிறகு விரியும் புகைபோக்கி. குழாய்கள் நடுவில் ஏறி, இரண்டாகப் பிரிந்து, சிறகின் இரு நுனிகளிலும் திறக்கின்றன. கப்பல் 20 நாட் (மணிக்கு சுமார் 37 கி.மீ.) வேகத்தில் போனாலே எதிர்க்காற்று விநாடிக்கு 10 மீட்டர். மேல்கட்டுமானத்தைத் தாண்டும் அந்தக் காற்று பின்னால் சுழன்று கீழே இறங்கும். நடுவில் தாழ்வாக விட்ட புகை அந்தச் சுழலில் மாட்டினால் பின்தளத்து நீச்சல்குளத்தில் கரி விழும். பக்கவாட்டில் தள்ளிவிட்டால் சுழலுக்கு வெளியே போய்விடும். 1962-இல் பயணம் தொடங்கிய ஃபிரான்ஸ் கப்பலின் இரண்டு புகைபோக்கிகளுக்கும் சிறகு வைத்தது இதற்காகத்தான்.

செங்கலங்கரை:
ஆரம்பத்துல அந்த நோக்கம் இருந்திருக்கலாம். இன்னிக்கும் அது தேவையாங்கறதுதான் கேள்வி. கார்னிவல் ஃப்ரீடத்தைப் பாருங்க. 2022 மே மாசம் கிராண்ட் டர்க் துறைமுகத்துல புகைபோக்கி தீப்பிடிச்சது. சிறகு இல்லாம, நடுத்தண்டை மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு வருஷத்துக்கு மேல பயணிகளோட ஓடிச்சு. 2024 மார்ச்சுல மறுபடி தீ. ஒரு பக்கம் டெக் மேலயே சரிஞ்சது. சிறகு அத்தியாவசியம்னா அத்தனை நாள் எப்படி ஓட்டினாங்க? 2021-ல வந்த கார்னிவலோட மார்டி கிரா, எல்.என்.ஜி. (திரவமாக்கின இயற்கை எரிவாயு) கப்பல். கரியும் கந்தகமும் கிட்டத்தட்ட இல்லாத புகைக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வால்?

நெய்தல்:
ஓடியது என்பதால் பின்தளம் சுத்தமாக இருந்தது என்று ஆகிவிடாது. மார்டி கிராவின் எஞ்சின்கள் இரட்டை எரிபொருள் எஞ்சின்கள், டீசலிலும் ஓடும். எல்.என்.ஜி. எரித்தாலும் சூடான வாயுவும் நைட்ரஜன் ஆக்சைடும் வரத்தான் செய்யும். பயணிகள் படுத்திருக்கும் இடத்தில் அதை இறக்க முடியுமா?

வாடைக்காற்று:
ரெண்டு பேரும் வெளிக்கூட்டையே பேசறீங்க. வேலை உள்ளே இருக்கற குழாய்ல நடக்குது.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி எக்ஸாஸ்ட் குழாய், உச்சி வரைக்கும். ஒண்ணா சேர்த்தா, ஓடற எஞ்சினோட கேஸ் நிக்கற எஞ்சினுக்குள்ள இறங்கி, ஈரமா மாறி துரு பிடிக்க வைக்கும். தனிக் குழாய்ல இன்னொரு லாபமும் உண்டு. டீசல் எஞ்சின் மின்சாரம் தயாரிச்சு மோட்டாரை ஓட்டற டீசல்-எலெக்ட்ரிக் கப்பல்ல ஆறு எஞ்சின்ல மூணு மட்டும் ஓடினாலும், அந்த மூணு வாயிலயும் புகையோட வேகம் குறையாது.

அந்த வேகம் காற்று வேகத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கணும். இல்லைன்னா குழாயோட பின்பக்கத் தாழ்வழுத்தம் புகையைக் கீழ இழுத்து, கூட்டுச் சுவரைக் கருக்கிடும். கப்பல் 20 நாட், எதிர்க்காற்று 20 நாட்னு வைங்க: சேர்ந்து விநாடிக்கு 20 மீட்டர். அப்போ புகை 30 மீட்டர்ல வெளியேறணும். அதுக்காக இஷ்டத்துக்குக் குழாயைக் குறுக்கவும் முடியாது. 35–40 மீட்டரைத் தாண்டினா பேக் பிரஷர் (புகை வெளியேற விடாம எஞ்சின் பக்கம் திரும்பி அழுத்தற அழுத்தம்) ஏறும். அதுக்கு மொத்த வரம்பே சுமார் 3 கிலோபாஸ்கல், அதாவது 300 மி.மீ. நீர்மட்டம். சைலன்சர், எகனாமைசர் (புகைச் சூட்டுல நீராவி எடுக்கற கருவி), ஸ்க்ரப்பர் (புகையிலருந்து கந்தகத்தைக் கழுவற கருவி) எல்லாம் அதுலதான் பங்கு கேக்கும். வாலுக்காகத் திருப்பற ஒவ்வொரு வளைவும் கேக்கும்.

பக்கவாட்டு வாய்ல புகைக்கு மேல்நோக்கின உந்தம் போயிடும், சூட்டால வர்ற மிதப்பு மட்டும்தான் மிச்சம். பக்கக்காற்று அடிச்சா, காற்றுப் பக்கச் சிறகோட புகை கப்பலுக்குக் குறுக்கே வரும். வளைவுல கரி தங்கும். வடிகால் அடைச்சா மழைத்தண்ணி நின்னு, கந்தக அமிலமாகித் தகட்டைத் தின்னும்.

செங்கலங்கரை:
இதைத்தான் சொல்றேன். 1969-ல வந்த கியூ.ஈ.2 (குயீன் எலிசபெத் 2) கப்பலைப் பாருங்க. காற்றுச் சுரங்கத்துல சோதிச்ச ஒல்லியான தண்டு, அடியில காற்றை வாங்கி மேல திருப்பற கூடு. புகை நேரா மேல போகும். 1986-87-ல நீராவியை எடுத்துட்டு ஒன்பது டீசல் எஞ்சின் வெச்சப்போ தண்டு பருத்துச்சு, ஆனா முறை மாறலை. உயரமும் வேகமும் போதும்.

நெய்தல்:
உயரம் எல்லா இடத்திலும் கிடைக்காது. குயீன் மேரி 2-இன் புகைபோக்கி குட்டையானதே நியூயார்க்கின் வெரசானோ பாலத்துக்காக. ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் 2009-இல் டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தைக் கடக்க, மடக்கும் குழாய்களைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. பாலத்தடி இடைவெளி 65 மீட்டர், கப்பல் நீர்மட்டத்துக்கு மேல் 72. உயரம் தடைப்படும் இடத்தில் அகலத்தைப் பயன்படுத்துவது நியாயமான வழிதானே?

வாடைக்காற்று:
நியாயம்தான், புகை சூடா இருக்கற வரைக்கும். 2020 ஜனவரியில எரிபொருள் கந்தக வரம்பு 0.50 சதவீதம் ஆனதும் நிறைய கப்பல் ஸ்க்ரப்பரோட ஓடுது. 300 டிகிரிக்கு மேல வர்ற கேஸ் கடல்நீர்ல குளிச்சு ஈரமா, ஆறிப்போய் வெளிய வரும். மிதப்பும் குறைஞ்சுடும். அந்த நிலையில படுக்கையா திரும்பின வாயை நான் நம்ப மாட்டேன். ஈரம் பிடிக்கற டிமிஸ்டர் சரியா இல்லைன்னா அமிலத் துளி பின்தளத்து வெள்ளைப் பெயின்ட்ல பழுப்புப் புள்ளியா விழும்.

நெய்தல்:
நீங்கள் சொல்லும் பக்கக்காற்றில் தண்டுப் புகைபோக்கிக்கும் ஆபத்து குறைவு. சிக்கலே எதிர்க்காற்றிலும் பின்காற்றிலும்தான். கப்பல் பெரும்பாலும் எதிர்க்காற்றில்தான் ஓடுகிறது, சிறகு உதவுவதும் அங்கேதான்.

வாடைக்காற்று:
பின்காற்றுல எந்த வடிவமும் காப்பாத்தாது. காற்றும் கப்பலும் ஒரே வேகத்துல போனா புகை தலைக்கு மேலயே நிக்கும். அதனாலதான் எகனாமைசர்ல சூட் ப்ளோ (படிஞ்ச கரியை ஊதி வெளியேத்தறது) பண்றதுக்கு முன்னாடி பிரிட்ஜுக்கு (கப்பலை ஓட்டற அறைக்கு) போன் போட்டுக் காற்று எந்தப் பக்கம்னு கேக்கறது. பக்கத்துலருந்து வீசினா சம்மதம். பின்னாலருந்து வீசினா, கொஞ்ச நேரத்துக்குத் திசையைத் திருப்பச் சொல்லணும், இல்லைன்னா காத்திருக்கணும். வால் இருக்கற கப்பலுக்கும் இதே முறைதான்.