ஐப்பசி நாற்றுமேடை: கண்ணில் பட்டு இன்னும் உறுத்துகிறதை எழுதுங்கள்

வாவிக்கரை (ஆரையம்பதி)
மிளகாய், எம்.ஐ. 2 இனம். பின்னேரம் நிமிர்ந்து நின்ற நாற்று, வெள்ளனப் பார்க்க ஒரு மூலையில் சரிந்து கிடக்கு. வித்திலை இரண்டும் பச்சை மாறவில்லை. தண்டு மண்ணைத் தொடுகிற இடம் மட்டும் வெந்த கீரைத்தண்டுபோல நீர்கோத்து, நூல் தடிப்புக்கு ஒடுங்கியிருக்கு. சரிந்ததெல்லாம் ஒரே வட்டத்துக்குள். வெளியே நின்றதில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் வட்டம் உள்ளங்கை அளவு பெருத்தது. கூட்டெரு கலந்த மண், முளைத்த பிறகும் மேலே பொலித்தீன், விடாத மழை. அந்த வட்டம்தான் கண்ணை விட்டுப் போகுதில்லை.

உமிக்கரி (களுவாஞ்சிகுடி)
நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரி மண்ணிலேயே இருக்கிற கிருமிகளின் வேலை. ஒரு நாற்றிலிருந்து அடுத்ததுக்கு மண்ணுக்குள்ளால் போகிறபடியால்தான் வட்டம். வெட்டுப்புழுவோ என்று சந்தேகம் வந்தால் தண்டைப் பாருங்கள். புழு கடித்தால் துண்டாகும், பக்கத்தில் ஓரங்குலம் கிண்டினால் சுருண்டு கிடக்கும். அழுகல் துண்டாக்காது, ஒடுக்கும்.

உடனே செய்வது: வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம், நல்ல நாற்றையும் சேர்த்து மண்ணோடு அள்ளி எறியுங்கள். எருக்குழிக்குள் போட்டால் அடுத்த போகத்துக்கு அது திரும்பி வரும். பொலித்தீனைக் கழற்றுங்கள். அது முளைக்கும் வரைக்கும்தான். பாதி வித்து தலை நீட்டிய அன்றே எடுக்கவேண்டும். மழைக்கு மூன்றடி உயரத்தில் கூரை போடுங்கள், நாலு பக்கமும் காற்று ஓடட்டும். தண்ணீர் காலையில் மட்டும்.

கேட்காமலே இன்னும் சொல்கிறேன், ஏனென்றால் மேடையிலேயே பிழை தொடங்குகிறது. மாரியில் மேடை ஓரடி உயரம் வேணும். விதைக்க முதல் வைக்கோல் ஒரு படை, உமி ஒரு படை, தலா இரண்டங்குலம் பரப்பி, நெருப்பு காற்றை எதிர்த்து மெல்ல நகரும்படி கொளுத்துங்கள். வைக்கோலை மட்டும் கொளுத்தினால் பற்றி முடிந்துவிடும், மண் சூடாகாது. உமி புகைந்து புகைந்து எரிந்தால்தான் சூடு கீழே இறங்கும். ஆறின மேடையில் வரிக்கு வரி நாலங்குலம், வித்துக்கு வித்து அரை அங்குலம், அரை சென்ரிமீற்றர் ஆழம். பைக்கற்றை அப்படியே ஒரு வரியில் கொட்டுகிறவர்களுக்கு வட்டம் வராமல் என்ன செய்யும்?

சுளகு (செட்டிபாளையம்)
இவ்வளவும் எதுக்கு? அடுப்புச் சாம்பலை நாற்றுக்கு மேல் தூவுங்கோ. ஊரில எல்லாரும் அதுதான்.

நிந்தவூர் ராத்தா
சாம்பல் நாற்றுக்கு இல்லை தம்பி. பூசணி, பாகல் இலையில வண்டு இருந்தா காலமை பனியோட மெல்லிசாத் தூவலாம், சரி. நாற்றுமேடையில தூவி மேல மழை பட்டா அது பொருக்காகிக் காற்றுப் போக விடாது. சாம்பல் கடும் காரம் வேற, இளம் வேரைச் சுடும்.

எனக்கு உறுத்துறது கீரை. தண்டுக்கீரை விதைச்ச மறுநாள், மேடையிலயிருந்து மதிலடி வரைக்கும் கறுப்பா ஒரு கோடு. குனிஞ்சு பாத்தா எறும்பு, ஒவ்வொண்ட வாயிலயும் ஒரு வித்து. முளைக்கல்ல முளைக்கல்ல என்டு வித்துக் கடையை ஏசுற பாதிப் பேருக்கு நடந்தது இதுதான். ஒரு தேக்கரண்டி வித்துக்கு ஒரு பிடி ரவை, ரெண்டு பிடி காய்ஞ்ச மணல் கலந்து தூவுங்க. எறும்பு ரவையைத்தான் முதல்ல இழுக்கும், மணல் வித்தைச் சீராப் பரத்தும். மேல நனைச்ச சாக்கு. மூணாம் நாள் சாக்கைத் தூக்கிப் பாக்கணும், வெள்ளை முளை தெரிஞ்சா அன்டைக்கே எடுக்கணும். பிந்தினா முளை சாக்கு நாருக்குள்ள ஏறி, இழுக்கக்குள்ள கழுத்து முறியும்.

தும்பு (கல்லடி)
தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) நிரப்பிய யோகட் கப்பின் வெளிப்பக்கம், அடியில் போட்ட ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. தக்காளிக் கன்றின் இலை ஓரம் கருகியிருக்கு, நடு இலை பச்சை. நோய் என்று மருந்தடிக்கப் பார்த்தார்கள். பொருக்கை நாக்கில் வைத்தால் உப்பு.

2022 ஜூனில் இலங்கை அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னபோது தும்புச்சோறு எல்லா வளவுக்கும் வந்தது, கழுவவேண்டும் என்ற சங்கதி மட்டும் வரவில்லை. உவர்த் தண்ணீரில் ஊறின மட்டையின் சோறு உப்பைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு பங்கு சோற்றுக்கு மூன்று பங்கு நல்ல தண்ணீர், ஓர் இரவு ஊறப் போட்டுச் சாக்கில் கட்டிப் பிழிந்து ஊற்றவேண்டும். மூன்று தரம். பிழிகிற நீர் கறுத்த தேயிலைச் சாயத்திலிருந்து வெளிறின மஞ்சளுக்கு வந்தால் போதும். சோதிக்க விரும்பினால் பாசிப்பயறு பத்தை அதில் போடுங்கள். மூன்றாம் நாள் எட்டு ஒன்பது முளைத்து வேர் நுனி வெள்ளையாக இருந்தால் சரி, நுனி பழுப்பாக இருந்தால் திரும்பக் கழுவுங்கள். அப்போதும் கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

வாவிக்கரை
கழுவினாலும் வந்ததே? இரண்டு வீடு தள்ளி, கழுவின சோற்றிலும் அதே கருகல்.

தும்பு
கிணற்றைப் பாருங்கள் அண்ணே. எழுவான்கரையில் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே மணலுக்குள் நல்ல தண்ணீர் மெல்லிய படையாகத்தான் நிற்குது. கோடை முழுக்க இறைத்து இறைத்து ஆவணி, புரட்டாசியில் அந்தப் படை வற்றி, கீழே இருக்கிற உவர் ஏறும். நாங்கள் நாற்றுப் போடுகிறதும் அதே நேரம். வருசத்தில் தண்ணீர் ஆகக் கூட உவர்க்கிற மாதத்தில், ஆக இளசான வேருக்கு அதைத்தான் ஊற்றுகிறோம். முதல் மழையில் கூரைத் தண்ணீரை ஒரு பரலில் பிடித்து நாற்றுக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். முதல் பத்து நிமிடத் தண்ணீரை விட்டுவிடுங்கள், அதில் கூரை அழுக்கு.

படுவான் (கொக்கட்டிச்சோலை)
கத்தரி. காய் பிடித்த மரம், மத்தியானம் வாடி இரவில் தெளிந்து, மூன்றாம் நாள் தெளியவே இல்லை. இலை பச்சையாகவே தொங்குது. தண்ணீர் காணாது என்று வாளி வாளியாக ஊற்றினார்கள். நான் சொல்ல வந்தது கண்ணாடிக் கிளாசைத்தான்: அடித்தண்டில் மூன்றங்குலத் துண்டு, தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் தொட நிறுத்தி, ஆட்டாமல் விட்டது. கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை இழை நேர்கீழாக இறங்கியது. பிறகு கிளாஸ் அடி முழுக்கக் கலங்கல்.

பற்றீரியா வாடல். மருந்து கிடையாது, விற்க வருகிறவர் சொல்வதை நம்பவேண்டாம். மரத்தை வேரோடு, சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து எரிக்கவேண்டும். அந்தக் கத்தியைக் கழுவாமல் அடுத்த மரத்தில் வைக்கக்கூடாது. ஊற்றின தண்ணீர் வரம்பால் ஓடி எங்கே போனதோ அங்கேயும் நோய் போயிருக்கும். அந்த இடத்தில் மூன்று வருசமாவது கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு கூடாது, கச்சானும் கூடாது. சோளம், வெண்டி, பயற்றை போடுங்கள்.

வளவு சின்னது, மாற்ற இடமில்லை என்றால், வேர் இந்த வாடலைத் தாங்கும் சுண்டங்காயை அடிக்கன்றாக வைத்து அதன் மேல் கத்தரியை ஒட்டலாம். சுண்டங்காய் மெதுவாக வளரும், ஆகவே கத்தரி வித்துப் போட மூன்று வாரம் முந்தியே அதைப் போடவேண்டும். இரண்டின் தண்டும் பென்சில் கூர்த் தடிப்புக்கு வந்ததும், அடிக்கன்றைக் குறுக்கே வெட்டி நடுவில் ஒரு சென்ரிமீற்றர் பிளந்து, கத்தரி நுனியை ஆப்பாகச் சீவி இறக்குங்கள். குளிர்பானம் குடிக்கிற குழாயை அரை அங்குலத்துக்கு நறுக்கி நீளப்பாட்டுக்குக் கீறினால் அதுவே கவ்வி. மேலே போத்தலைக் கவிழ்த்து ஒரு கிழமை நிழலில். மறுகா நாளுக்குக் கொஞ்ச நேரமாகப் போத்தலைத் தூக்கிப் பழக்குங்கள். நடும்போது ஒட்டின இடம் மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். அது புதைந்தால் கத்தரி சொந்த வேர் விடும், ஒட்டினது வீண்.

சுளகு
படுவான் அண்ணே, ஒரு கத்தரிக்காய்க்கு இவ்வளவு பாடா? அந்தக் குழிக்கு ஒரு கடகம் சுண்ணாம்பு போட்டால் முடிஞ்சுது.

படுவான்
முடியாது தம்பி. சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை மாற்றும். எங்கட மணலில் ஒரு கடகம் போட்டால் இரும்புச்சத்து ஏறாமல் அடுத்த பயிரின் இளம் இலை மஞ்சளாகும். சந்தேகம் என்றால் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள், விவசாயத் திணைக்களத்து ஆட்கள் தமிழிலும் சொல்லுவார்கள்.

குசினிப்பக்கம் (அக்கரைப்பற்று)
எல்லாரும் வித்துப் போடுறதைச் சொல்றீங்க, வைக்கிறதைச் சொல்லுங்க. பயற்றை வித்துப் போத்தல், மூடியைத் திறக்கக்குள்ள உள்ளே மாத்தூள். வித்துக்கு வித்து குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டை, ஒரு வண்டு கழுத்தடியில ஏறிக்கொண்டு. போத்தல் இறுக்கமாத்தான் இருந்தது.

வண்டு வெளியே இருந்து வரல்ல. காய் மரத்தில காய்ஞ்சுகொண்டிருக்கக்குள்ளயே வண்டு அதில முட்டை போடும். வித்தில வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தா அதுதான் முட்டை. வித்தை நல்லாக் காயவிட்டு (பல்லால கடிச்சா பதியக்கூடாது, உடையணும்), இறுக்கின போத்தலோட டீப் ஃப்ரீசர்ல ஒரு கிழமை. ஈர வித்தைப் போட்டா உள்ள நீர் உறைஞ்சு முளை செத்துப்போகும். வெளியே எடுத்ததும் திறக்கவேணாம், போத்தல் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாட்டி வித்தில வேர்க்கும். ஃப்ரீசர் இல்லாதவங்க ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய் பிசறலாம். அந்த வித்து பிறகு கறிக்கு ஆகாது.

மறுகா மரவள்ளி. மாரிக்கு நிலத்துல விட்டுட்டு, தண்ணி நின்ட பிறகு இழுத்தா கிழங்கு கையோட கூழா வரும். பள்ளக் காணி என்டா ஐப்பசி கடைசிக்குள்ள கிண்டிருங்க. கிண்டினது ரெண்டு மூணு நாள்ல நீலக்கோடு விழும். தண்டுக் கணு ஒட்டியிருக்க, காயம் படாததைத் தெரிஞ்செடுத்து ஈரத் தும்புச்சோத்துக்குள்ள பெட்டியில புதைச்சா மூணு நாலு கிழமை போகும். இல்லாட்டி தோலுரிச்சு வெட்டி ஃப்ரீசர்ல. மாரியில வற்றல் போட நினைக்கவேணாம், ரெண்டு நாள் முழு வெயில் இல்லாட்டி பூஞ்சணம்தான்.

சுளகு
மரவள்ளி தின்கிற அன்றைக்கு இஞ்சி தின்னக்கூடாது என்பார்கள், அதையும் சொல்லுங்கோ.

குசினிப்பக்கம்
இஞ்சியைக் கறியில போடாம விடுங்க, யாரும் கேக்கல்ல. ஆனா சட்டி மூடியைத் திறந்து வையுங்க. கிழங்குல இருக்கிற லினமரின் வெட்டுப்பட்டதும் ஐதரசன் சயனைட்டா வெளியேறும், அது 26 பாகை செல்சியசிலயே ஆவியாகுது. மூடி போட்டு அவிச்சா ஆவி திரும்பச் சட்டிக்குள்ளதான் விழும். தடிச்ச உள்தோலையும் சேத்து உரிக்கணும், நிறையத் தண்ணியில அவிச்சு அந்தத் தண்ணியை ஊத்திரணும். வாயில வச்சுக் கசக்குற கிழங்கை எறிங்க, ஆட்டுக்கும் போடவேணாம்.

வாவிக்கரை
வைக்கோல் கிடைத்தது, உமி ஆலையில் கேட்டிருக்கு. ஒரு கேள்வி: எரித்த மேடைக்கு மறுநாளே மிளகாய் போடலாமா?

உமிக்கரி
இல்லை அண்ணே. கரியை மேல்மண்ணோடு கிளறி, நல்லாத் தண்ணீர் விட்டு இரண்டு நாள் ஆறவிடுங்கள். மூன்றாம் நாள் போடலாம்.